யோசப்பின் அக்காவின் பிரிஜ்ஜும் உருண்ட தேசிக்காயும்

இன்று குருநகரில் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? செத்துப்போன மண்ணெண்ணெய் பிரிஜ்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து உயிர்ப்பித்த, யோசப்பின் என்கிற அக்காவை! யுத்தத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடமான இந்த ஊரில், அவர் என் உள்ளங்கையில் ஓர் ஐஸ்கட்டியை வைத்தார். அந்தக் குளிர் விரலைவிட்டுப் போகுமுன் எழுதிவிட வேண்டும்!

அந்தப் பிரிஜ் முன்பு அவருடைய தமையனின் சோடாக்கடையில் நின்றது, இப்போது அவர் வீட்டில். அடியில் மண்ணெண்ணெய்த் தாங்கி, அதில் ஒரு திரி. சுடரின் சூட்டில் பின்பக்கக் குழாய்களுக்குள் இருக்கும் குளிரூட்டும் மருந்துநீர் ஓடும். அந்த ஓட்டந்தான் குளிர். சுடரைப் பார்க்க அடியில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. யோசப்பின் தினமும் செபம் முடிந்த கையோடு முழங்காலிலிருந்து எழும்பாமலே அதற்குள் எட்டிப் பார்ப்பார். சுடர் மஞ்சளாய் நாக்கு நீட்டினால் திரி கோணல். சிவந்து புகைத்தால் புகைக்குழாயில் கரி. படபடவென்று வெடித்தால் எண்ணெயில் தண்ணீர். நீலமாய், வட்டமாய் நின்றால் பெட்டிக்குச் சுகம், வீட்டுக்கும் சுகம்.

வீட்டுக்கும் என்றது வெறும் பேச்சில்லை. கணவர் யாகப்புவுக்கு நீரிழிவு. பக்கத்துவீட்டுச் சின்னத்தங்கத்துக்கும் அதே வருத்தம். கப்பலில் வந்த இன்சுலின், இரண்டு பேருடையதும், அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வெளியே வைத்தால் சில வாரம் தாங்கும். அடுத்த கப்பல் எப்போதென்று யாருக்குத் தெரியும்?

போன மாதம் ஒருநாள் காலை, கண்ணாடியில் சுடர் நல்ல நீலம். கதவைத் திறந்தால் உள்ளே வெக்கை! யோசப்பின் பதறிப்போய் மருந்துப் போத்தல்களை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் இறக்கிவிட்டு, படகு எஞ்சின் திருத்தும் லியோனைக் கூப்பிட்டார். லியோன் திரியை மாற்றினான், புகைக்குழாயைச் சுரண்டினான், முகமெல்லாம் கரியோடு நிமிர்ந்தான்.

"அக்கா, உது முடிஞ்சுது. உடுப்பு வைக்கிற அலுமாரியாக்குங்கோ."

"வாயைக் கழுவு. சுடர் நீலமா நிக்குதெல்லே!"

"சுடர் நிக்குது, குளிர் எங்கை?"

கட்டிலில் இருந்த யாகப்பு, "என்னையும் உந்தப் பானைக்குள்ளை இறக்கிவிடப்பா, கொஞ்சநாள் தாங்குவன்" என்றார். யோசப்பினுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவருக்குக் கரைத்துக் கொடுக்கப் பறித்த தேசிக்காய்களை, எலுமிச்சைதான், பிரிஜ்ஜின் தலையில் வைத்தார். ஒன்று உருண்டு சுவர்ப்பக்கம் விழுந்தது. எடுத்து வைத்தார். திரும்பவும் அதே பக்கம்! கோப்பை ஒன்றில் தண்ணீர் வார்த்து வைத்துப் பார்த்தார். ஒரு கரையில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது, மறுகரையில் தொடவில்லை. பெட்டி சரிந்து நிற்கிறது! சரிந்த பெட்டியில் மருந்துநீர் எப்படி ஓடும்? யாரும் அசைக்காத பெட்டி எப்படிச் சரியும்? குனிந்து பார்த்தார். சுவரோரச் சீமெந்தில் ஒரு நீள வெடிப்பு. சுவருக்கு அந்தப்பக்கம், மழைக்கு முன்னர் யாகப்புவும் லியோனும் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டின பங்கர்க் குழி. மணல் நிலம் பங்கர்ப்பக்கம் இறங்கியிருக்கிறது, தரையும் கூடவே இறங்கியிருக்கிறது.

"டேய் லியோன்! வெட்டின இடத்தைப் பார்! உங்கடை பங்கர்தான்ரா என்ரை பிரிஜ்ஜைச் சாய்ச்சது!"

"நான் அப்பவே தள்ளி வெட்டுவமெண்டு சொன்னனான். அண்ணைதான் நடக்கப் பஞ்சியில கிட்ட வெட்டச் சொன்னவர்."

"ஷெல் வரேக்கை ஓடுறவனுக்குத்தான் தெரியும் தூரம்" என்றார் யாகப்பு.

பெட்டியை முன்னறைக்கு மாற்றி, காலுக்குப் பனைமரச் சிலாகைத் துண்டு வைத்து, கோப்பைத் தண்ணீர் சமமாகும்வரை தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். மறுநாளும் குளிரவில்லை. லியோன் போக எழும்பினான். யோசப்பின் அவன் கையைப் பிடித்து இருத்தினார்.

"பொறு. தண்ணி இறங்கின எஞ்சினை என்ன செய்யிறனீ?"

"கவிட்டு வடிப்பன்."

"இதுவும் சரிஞ்சு நிண்டு எரிஞ்சதில மருந்துநீர் உள்ளுக்கை எங்கையோ கட்டிப்போட்டுது. கவிடு!"

"பிரிஜ்ஜையோ? அக்கோய், விசர் பிடிச்சிட்டுதே?"

"ஓம், விசர்தான். பிடி அந்தக் கரையை!"

திரியை அணைத்து, தாங்கியைக் கழற்றி, பெட்டியை ஆறவிட்டுக் கவிழ்த்தார்கள். தலை கீழே, கால் மேலே. பார்க்க வந்த சின்னத்தங்கம் சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே ஏதோ களகளவென்று இறங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அன்று முழுதும் அப்படியே விட்டு, விடிய நிமிர்த்தி, அசையாமல் ஆறவைத்து, பின்னேரம் திரியைக் கொளுத்தினார் யோசப்பின்.

அடுத்தநாள் கதவைத் திறந்தவர் கையை உள்ளே விட்டார். எடுக்கவில்லை. அப்படியே நின்று அழுதார். தட்டில் வெள்ளையாய், வழவழவென்று, ஐஸ்!

ஒரு துண்டை யாகப்புவின் வாயில் வைத்தார். "இதில சீனி இல்லை. ஆசை தீரச் சூப்புங்கோ." மிச்சம் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போனது. மருந்துப் போத்தல்கள் பானையிலிருந்து பெட்டிக்கு ஊர்வலமாகத் திரும்பின, லியோன் முன்னே, சின்னத்தங்கம் பின்னே! இப்போது ஒழுங்கையில் யாருக்கு இன்சுலின் வந்தாலும் அந்தப் பெட்டிக்குள்தான் இடம்.

வீட்டோடு பங்கர் வெட்டியிருப்பவர்களே, உங்கள் பிரிஜ்ஜின் தலையில் இன்றே ஒரு தேசிக்காயை வைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் பிரிஜ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். குருநகர்ப்பக்கம் போனால் யோசப்பின் அக்காவை எட்டிப் பாருங்கள். அரைப்போத்தல் மண்ணெண்ணெயோடு போனால் இன்னும் நல்லது. சுடர் நீலமாய் நிற்கட்டும்!