பெருங்காய அளவு: ஜெபராஜ் அண்ணன் நினைவாக

நம் தமிழ்ச் சங்கத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களை நான் பெரும்பாலும் திறப்பதில்லை. பாட்டு வகுப்பில் இடம் இருக்கிறது, யாரோ ஊர் மாறிப் போகிறார்கள், சோஃபா மலிவாகக் கிடைக்கும், இவ்வளவுதான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அப்படி ஒன்றை அழிக்கப் போனபோது, தலைப்பில் ஜெபராஜ் அண்ணன் பெயரைப் பார்த்தேன். ஏதோ பாராட்டு விழா வைக்கிறார்களாக்கும் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். முந்தின நாள் மாரடைப்பில் காலமானார் என்று நான்கே வரியில் முடித்திருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். "என் அண்ணன்" என்றேன். அவளுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். பாளையங்கோட்டைக்காரர், ஹூஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்தாளுநர். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்கு எப்போதும் அரைத் தாளம் பின்னால் வரும் கனத்த குரல் அவருடையது. பிக்னிக்கில் சோற்றுப் பாத்திரத்தை யாரையும் தொட விடாமல் தானே தூக்குவார். எனக்குத் தெரிந்த ஜெபராஜ் அண்ணன் இன்னொருவர். அவரைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. அதற்குக் காரணம் அவரல்ல, நான்தான்.

தொண்ணூற்றைந்து குளிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, நான் திரும்பி வரவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் வலித்தது. குளித்துவிட்டு வந்தால், குளித்த களைப்புக்கு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தால் தூங்காதவள்போல இருந்தேன். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். எல்லாமே நார்மல், என்னைத் தவிர. கணவர் சேகருக்கு அப்போது டல்லாஸில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மகள் காவ்யாவுக்கு நான்கு வயது. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் என் கம்பெனி வழியாகப் போயிருந்தது. எனக்கு வேலை போனால் விண்ணப்பமும் போகும், மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். முப்பத்து நான்கு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீடு அவருடையது. ஒரு நாள் காலை ஆறரைக்கு, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஏறத் தெம்பில்லாமல் நின்றிருந்தேன். அவர் பார்த்துவிட்டார். சாவியை ஆட்டிக்கொண்டே அருகே வந்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஃப்ரீவேதானம்மா. கார்பூல் பண்ணுவோம். ஆள் ரெண்டு இருந்தாத்தான் நெரிசல் இல்லாத அந்தத் தனி லேன்ல விடுவான். நீங்க வந்தா எனக்குத்தான் லாபம்" என்றார். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் அவர் காரில்தான் போனேன். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். இருக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டைக் குறைத்துக்கொண்டு, லாரிக்காரர்களை மட்டும் நெல்லைத் தமிழில் வைதுகொண்டு ஓட்டுவார். நாள் முழுக்க எல்லோரும் என்னிடம் "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். அதற்குப் பரவாயில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. அவர் மட்டும், "நேத்து என்ன முடிஞ்சுது?" என்று கேட்பார். "ரசம் வச்சேன்." "நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?" "உட்கார்ந்துதான்." "சரி, ரசம் ரசந்தான்." முடியாததையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, முடிந்ததைச் சொல்லும் பழக்கம் அந்தக் காரில்தான் வந்தது.

கடைசியில் ஒரு டாக்டர் அம்மாள், வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இப்படி நீண்ட களைப்பும் வலியும் வருவதுண்டு என்று சொல்லி, ஒரு மருந்தை மிகச் சிறிய அளவில் எழுதிக் கொடுத்தார். தகவல் தாளைப் படித்தேன். முதல் வரியிலேயே மனச்சோர்வுக்கான மருந்து என்று இருந்தது. சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். "எனக்கு உடம்புதானே வலிக்கிறது, மனசா வலிக்கிறது?" என்று காரில் அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"கோபப்படாதீங்க, சொல்லுதேன். நிறையக் கொடுத்தா அதுக்கு ஒரு வேலை, கொஞ்சமா கொடுத்தா வேற வேலை. இந்த அளவுல வலியக் கொஞ்சம் அடக்கும், தூக்கத்த ஆழமாக்கும், அவ்வளவுதான். பெருங்காயம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. சாம்பாருக்கு ஒரு சுண்டைக்காய் அளவு போட்டாத்தான் மணம். கட்டியத் தூக்கிப் போட்டா யாரு சாப்பிடுவா?"

பெருங்காயம் எனக்குப் புரிந்தது. ஆனால் நம் ஆட்களின் பயம் அதைவிடப் பெரியது. ஒரு பாட்லக் விருந்தில் யாரோ, கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் மனநோய் மருந்து சாப்பிட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே அந்தச் சீட்டைக் கொடுத்து வாங்கினால் கம்பெனி இன்ஷூரன்ஸில் பதிவாகிவிடும். ஆகவே நான் மகா புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். ஊரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில், முறுக்குக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே, அதே மருந்து அட்டை அட்டையாக வந்து சேர்ந்தது. டாக்டர் எழுதியது ஐந்து மில்லிகிராம், சொட்டு மருந்து. வந்தது இருபத்தைந்து மில்லிகிராம் மாத்திரை. ஒன்று போட்டேன். இரண்டு நாளில் வலி குறையவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லி, காவ்யாவை டேகேர் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து, மதியம் இரண்டாகப் போட்டேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் ஐம்பது முறை எழுதியவள் நான்.

மாலை ஆறுக்கு டேகேர் மூடிவிடும். அங்கிருந்து எத்தனை முறை போன் செய்தார்களோ, என் காதில் விழவில்லை. அவசரத்துக்கு அழைக்க நாங்கள் கொடுத்திருந்த பட்டியலில் அடுத்த பெயர் ஜெபராஜ் அண்ணனுடையது. அவர் போய்க் குழந்தையை அழைத்து வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நான் எழுந்து, தடுமாறித் திறக்கவே வெகுநேரம் ஆகியிருக்கிறது. காவ்யா அழவில்லை. "அம்மா, யூ ஃபர்காட் மீ" என்று மட்டும் சொன்னாள்.

அவர் மேசையில் கிடந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு."

"எழுதினதுக்குப் பத்து மடங்கு. என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? உங்களுக்குக் கிரீன் கார்டு வேணுமா, அந்தப் பிள்ளைக்கு அம்மா வேணுமா?"

நான் அழுதேன். அவர் டாக்டருக்குப் போன் செய்தார், விஷயத்தைச் சொன்னார், ஆபத்தில்லை என்று உறுதியாகும்வரை கேள்வி கேட்டார். ஒன்பது மணிக்குச் சேகர் வந்து சேரும்வரை காவ்யாவுக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். போகும்போது நான் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். "அண்ணே, யாருக்கும் சொல்லிடாதீங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மருந்துச் சீட்டுல இருக்கது சீட்டோட. ஆனா திங்கட்கிழமை நீங்க உங்க கிரீன் கார்டு வக்கீலக் கேக்கணும்" என்றார். கேட்டேன். வலிக்குச் சிறிய அளவில் ஒரு மருந்து சாப்பிடுவதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை என்று வக்கீல் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து நான் வீணாக்கியது நான்கு மாதம்.

பிறகு சொட்டு மருந்துதான். மருத்துவமனையிலிருந்து ஊசியில்லாத சிறு சிரிஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஐந்தாவது கோட்டில் சிவப்பு மையால் அடையாளம் வைத்துக் கொடுத்தார். அதைத் தாண்டக் கூடாது, டாக்டர் சொல்லாமல் குறைக்கவும் கூடாது. இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. வாய் வறண்டதுதான் மிச்சம். ஆறாவது வாரம் ஒரு நாள் காலை, டவுன்டவுன் கட்டடங்கள் கண்ணில் பட்டபோதுதான், வழி முழுக்க நான் விழித்திருந்தது எனக்கே உறைத்தது. அவர் முன்பே கவனித்திருக்கிறார். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

ஒரு மருந்தே என்னைத் தூக்கி நிறுத்தியது என்று எழுதினால் அவர் எழுந்து வந்து திட்டுவார். "மருந்து கதவத்தான் திறக்கும். நடக்கது நீங்கதான்" என்பார். உடம்பு கொஞ்சம் நன்றாக இருந்த ஒரு நாளில் பொங்கலுக்கென்று வீடு முழுக்கக் கழுவித் தள்ளி, அடுத்த நான்கு நாள் படுத்துவிட்டேன். "நல்லா இருக்க நாள்லதாம்மா நீங்க கெடுத்துக்கிடுதீங்க" என்று சிரித்தார். படிப்படியாக, ஏறி இறங்கி, மறுவருடக் கடைசியில் நாள் முழுக்கத் தெம்பாக வேலை பார்க்க என்னால் முடிந்தது. கார்டும் வந்தது, நாங்கள் ஹூஸ்டனின் மறுகோடிக்கு வீடு மாறினோம். வலி முழுக்கப் போகவில்லை. இப்போது அது வீட்டின் ஒரு மூலையில் இருக்கிறது, நான் மற்ற அறைகளில் வாழ்கிறேன். மருந்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்துவிட்டு யாராவது ஊருக்குப் போன் போட்டுவிடக் கூடாது.

அடக்கத்தன்று அவர் மனைவி கிரேஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே ஓட்டிட்டு வந்துட்டீங்களே வசந்தி! ஃப்ரீவேன்னா உங்களுக்குக் கை நடுங்கும், அந்தப் பயத்தப் போக்கத்தான் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க எப்பவும் சொல்லுவாங்க" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. மவுண்ட் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான், எனக்கா ஃப்ரீவே பயம்? பிறகு புரிந்தது. தினமும் ஏன் கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. சொந்த மனைவியிடம்கூட அவர் என் சீட்டைத் திறக்கவில்லை. விருந்துக்கு விருந்து பெண்கள் என்னை ஓரம் கட்டி நல்ல டிரைவிங் ஸ்கூல் பெயர் சொன்னதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. சவப்பெட்டிக்கு முன்னால் நின்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிறேன் என்று நினைத்து அக்கா அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அழுதேன்.

அக்காவிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். "என்கிட்டயே சொல்லலையே மனுசன்" என்றார். குறையாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது பெருமையாக இருந்தது.

இப்போது உங்களிடமும் சொல்கிறேன். எனக்கு ஃப்ரீவே பயம் இருந்ததே இல்லை. எனக்கு நோய் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மருந்தை ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். அவர் காப்பாற்றிய இரகசியத்தை இனி நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கொஞ்சம் உதவியை வெட்கப்படாமல் கேட்கலாம், கேட்டவரிடம் காரணம் கேட்காமல் கொடுக்கலாம் என்று அவர் காட்டியதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நம்மில் யாராவது, காய்ச்சல் போன பிறகும் எழுந்திருக்க முடியாமல், பரிசோதனை எல்லாம் நார்மல் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கலாம். கூப்பிடுங்கள். டாக்டரிடம் சேர்ந்தே போவோம். காரை நான் ஓட்டுகிறேன்.