மாவு அரைக்கும் செருப்பு

எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்பு போடக்கூடாது. மாவு அரைக்கும்போது மட்டும் அம்மா ரப்பர் செருப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வார். கிரைண்டருக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் ஆறு வயதில் நான் நினைத்திருந்தேன்.

கிரைண்டர், அம்மாவின் தம்பி ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தது. மாமாவுக்கு ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் அவர்தான் எலெக்ட்ரீஷியன். லைசென்ஸ் மட்டும்தான் இல்லை. ஊர் பிளக்கின் உருண்டைக் கம்பிகள் இங்கே சுவரில் நுழையாது. மாமா அதை வெட்டிவிட்டு இந்த ஊர் பிளக்கை மாட்டினார். ஒயர் மூன்று இருந்தது. பச்சையை மட்டும் ஒட்ட நறுக்கினார்.

"இது சும்மா லா. ஓடுறதுக்குத் தேவையில்ல."

கிரைண்டர் ஓடத்தான் செய்தது. தொட்டால் எறும்பு மாதிரி கடித்தது, அவ்வளவுதான். அதற்குச் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னதும் மாமாதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம். வடைக்கு உளுந்து பாதி அரைபட்டிருந்தது. அம்மா உப்பெடுக்கத் திரும்பிய நேரத்தில், ஈரத் தரையில் வெறுங்காலோடு போய் ஈரக் கையைக் கிரைண்டர் மேல் வைத்தேன். கை தோள்வரை உதறியது. அதே நொடியில் காற்றாடி நின்றது, டிவி அணைந்தது. நான் அழுதேன். கைக்காகவா டிவிக்காகவா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

கூடத்தில் படுத்திருந்த மாமா எழுந்து, முக்காலியில் ஏறி, வாசல் பக்கம் இருந்த மெயின் பெட்டியில் விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். கோளாறு பெட்டியில்தான் என்று முடிவும் சொன்னார். தொட்டதற்கெல்லாம் விழுகிறதாம், அதை விட்டுவிட்டு நேராக ஒயர் கொடுத்துவிட்டால் இனி விழாதாம்.

"பொட்டியத் தொடாத. கிரைண்டரத் தூக்கிட்டுப் போ" என்றார் அம்மா.

"என்னக்கா, இத்தன மாசமா நீ அரைக்கலையா?"

"நான் அரைச்சேன்டா. இன்னிக்கு இவ தொட்டுட்டா."

"அவளுக்கும் ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தா முடிஞ்சுபோச்சு."

அம்மா பிளக்கைப் பிடுங்கினார். அந்தத் தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டுக் கடை வடைதான். வந்த உறவினர்கள் தின்றுகொண்டே அதைச் சொல்லிக் காட்டினார்கள். மாமாவும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் எடுத்துப் படித்தேன். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவது பச்சை ஒயர். அது இல்லாததால் அன்று என் உடம்பு வழியாகப் போனது. போவதைக் கண்டு உடனே நிறுத்தியது, மாமா கழற்றப் பார்த்த அந்தப் பெட்டி. இன்று வீட்டில் புதிதாக எது வந்தாலும் அதன் பிளக்கை நான் பார்த்த பிறகுதான் சுவரில் சொருகுவார்கள். மாமா வீட்டிலும் அப்படித்தான்.

அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. இதில் எதுவும் அவருக்கு அன்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது. எனக்கும் ஒரு மாவு அரைக்கும் செருப்பு என்று மாமா சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது. அம்மா அதை வாங்கித் தரவே இல்லை. அந்தக் கோபத்தில் தீபாவளி முழுக்க அவரோடு நான் பேசவில்லை.