நெட்டை டம்ளர், குட்டை டம்ளர்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் கோபம் வந்தால் கத்தமாட்டார், கறுவுவார். கல்யாணமான புதிதில் தன் சமையலைப் பழித்த நாத்தனாரோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் இரண்டாம் வகுப்பு டீச்சர் வாலாட்டினாள்.

சாப்பாட்டு வேளையில் “அக்கா, அக்கா” என்று ஒட்டிக்கொண்டு கேட்டாளே என்று, டீச்சர் தான் யோசித்து வைத்திருந்த பாடத்தை விலாவாரியாகச் சொல்லியிருந்தார். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கண் சொல்வதுதான் கணக்கு. இரண்டு குட்டை டம்ளர்களில் சமமாக இருக்கும் தண்ணீரில் ஒன்றை மட்டும் பிள்ளையின் எதிரிலேயே நெட்டை டம்ளரில் ஊற்றினாலும், நெட்டையில்தான் அதிகம் என்று சாதிக்கும். அது தப்பில்லை, வயது அப்படி. ஆகவே விடையைச் சொல்லித்தரக் கூடாது. பிள்ளைகளையே மாற்றி மாற்றி ஊற்றவிட்டு, குழம்பவிட்டு, தானாகத் தெளியவிட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் தன் சொந்த யோசனையாக வாய் கூசாமல் எடுத்துவிட்டாள் அந்தப் புண்ணியவதி. தலைமையாசிரியர் சொக்கிப்போனார். கீழ்வகுப்புகளின் பொறுப்பாளர் பதவி காலியாக இருந்தது. அதிகாரிகள் முன்னால் அந்தப் பாடத்தை நடத்திக் காட்டினால் பதவி அவளுக்குத்தான் என்று ஆகிவிட்டது. டீச்சர் வருஷக்கணக்காகக் காத்திருந்த பதவி அது.

“அக்கா கிளாஸ் பசங்களை வச்சே நடத்திடுறேன் சார். அக்கா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.”

“தாராளமா நடத்தும்மா,” என்றார் டீச்சர்.

வீட்டில் கணவர், “ஹெட்மாஸ்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லேன்,” என்றார்.

“சொன்னா நம்பணுமே. பொறாமையில பேசுறேன்னு சொல்லுவாரு. நீங்க சும்மா இருங்க. அவ மூக்கை அங்கேயே உடைக்கிறேன்.”

மறுநாளே வகுப்பில் டம்ளர்களை எடுத்தார். எதைச் செய்யவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்தாரோ, அதைச் செய்தார். நெட்டையையும் குட்டையையும் காட்டி, “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லச் சொன்னார். சரியாகச் சொன்ன பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார். “இதுலதான் அதிகம்” என்று அடம்பிடித்த பிள்ளையை முறைத்தார். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நாளும் வந்தது. அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, அவள் சமமாக நிரப்பிய இரண்டு குட்டை டம்ளர்களில் ஒன்றின் சாயத் தண்ணீரை நெட்டை டம்ளரில் ஊற்றி, “இப்ப எதுல அதிகம் கண்ணுங்களா?” என்று குழைந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்,” என்றது வகுப்பு மொத்தமும்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. குழம்பாத பிள்ளையை எப்படித் தெளியவைப்பது? “நல்லாப் பாருங்க, இது உயரமா இருக்குல்ல?” என்று தப்பான விடைக்காகக் கெஞ்ச ஆரம்பித்தாள்.

“தெளிவா இருக்கிற பசங்களை எதுக்கும்மா குழப்புறீங்க?” என்றார் ஓர் அதிகாரி.

பின்னால் நின்றிருந்த டீச்சருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பட்டவருக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

பதவி டீச்சருக்கே வந்தது. இனி அளவுகள் பாடத்தைத் தான் நினைத்தபடி முறையாக நடத்தலாம் என்று ஆசையோடு வகுப்புக்குப் போனார். எளிதாகத் தொடங்குவோம் என்று ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களை வைத்தார். ஒன்றில் விளிம்புவரை தண்ணீர், மற்றதில் அடியில் கொஞ்சம்.

“எதுல அதிகம், சொல்லுங்க.”

பிள்ளைகள் எல்லாரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். முன்வரிசைச் சிறுமியை அருகில் அழைத்தார்.

“பயப்படாம டம்ளரைப் பார்த்துச் சொல்லும்மா.”

அவள் டம்ளர் பக்கமே திரும்பவில்லை. “நீங்களே சொல்லிடுங்க டீச்சர். நாங்க அதையே சொல்றோம்.”