ஹார்க்கெட்டின் சட்டையைப் பின்னுக்கு வைத்த கதை

ஒருவருடைய பெயரை இன்னொருவருடைய முதுகில் ஒட்டுவது என் தொழில். ஒட்டுவதைவிட உரிப்பதில்தான் வேலை அதிகம்.

மொன்றியலின் தொழில்முறைக் கால்பந்து அணியின் சட்டைக் கடையில் நிற்கிறேன். கால்பந்து என்றதும் உருண்டைப் பந்தை நினைத்துவிடாதீர்கள். இது உரிக்காத தேங்காய் போல இருபக்கமும் கூரான பந்து. கையால் எறிவார்கள், கையால் பிடிப்பார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். "காலுக்கு ஒரு வேலையும் இல்லாத விளையாட்டுக்குக் காலின்ர பேரை வைச்சிருக்கிறாங்கள்" என்று என் கணவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பனி கொட்டத் தொடங்கினால் ஆட்டம் முடிந்துவிடும், கேள்வி தொடங்கிவிடும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் பெப்ரவரியில் ஒரு நாள் மதியத்திலிருந்து எந்த அணிக்கும் போகலாம். அதுவரை யார் இருப்பார், யார் போவார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள். கடையிலோ, வங்கியிலோ, வரவேற்பு மேசையிலோ நின்று பிழைக்கிற உங்களுக்கு இந்த நியாயம் புரியும். முடிவெடுக்கிறவரைப் பார்க்க முடியாத சனம் முன்னுக்கு நிற்கிறவரைத்தான் பிடிக்கும்.

எங்கள் வீட்டிலும் பனி கொட்டுகிற மாரிகாலம் வந்தால் இதே கேள்விதான். ரொறன்ரோவில் இருக்கிற என் கணவரின் அண்ணை ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, "எப்ப வாறியள்?" என்பார். மொன்றியல் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே வந்து இறங்குவோம், வதிவிடப் பேப்பர் கிடைத்ததும் அங்கே போய்விடுவோம். என்னோடு பிரெஞ்சு வகுப்பில் இருந்த தமிழர்களில் இன்றைக்கு இந்த ஊரில் மிச்சம் நான்தான். எனக்குப் போக விருப்பமில்லை. வாய் கோணக் கோணப் படித்த பிரெஞ்சை அங்கே யாரோடு கதைப்பேன்? ஆனால் கணவர் அண்ணைக்குச் சொல்லும் பதில், "யோசிப்பம்." எங்கள் அணியின் மனேஜர் தொலைக்காட்சியில் சொல்வதும் அதேதான்.

இன்னொன்று. என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

கூரை ஒழுகியது

முசியே ரொலான், அதாவது ரொலான் ஐயா, ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். செயின்ட்-மிஷேலில் இருந்து மெட்ரோ எடுத்துக் கிழமைக்கொருதரம் வருவார். ஒன்றும் வாங்கமாட்டார். கையுறையைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தால் அரைமணி நேரம் நிற்கப்போகிறார் என்று அர்த்தம். "ஹார்க்கெட் இருக்கிறானோ, போறானோ?" என்பதுதான் இந்த மாரிகாலம் முழுவதும் அவருடைய கேள்வி. ஹார்க்கெட் எங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். கலியாண வீட்டில் ஐயர் மாதிரி, அவர் கை அசைக்காமல் ஒன்றும் நடக்காது. "எனக்குத் தெரியாது முசியே, நான் எழுத்து ஒட்டுற ஆள்" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

ஜனவரியில் ஒரு நாள் கடையின் முன்பக்கக் கூரை ஒழுகத் தொடங்கியது. சொட்டு நேரே ஹார்க்கெட்டின் சட்டைகள் தொங்கிய சட்டத்தில் விழுந்தது. அதைப் பின்னுக்கு, குழந்தைகளின் தொப்பிகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வாளியை வைத்தேன். முசியே ரொலான் உள்ளே வந்தார். முன்னுக்குப் பார்த்தார், பின்னுக்குப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியை மட்டும் பார்க்கவில்லை. அன்று அவர் கேள்வியே கேட்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீர் ஒண்டும் சொல்லவேண்டாம் பிள்ளை. உம்மட வேலைக்குப் பிரச்சினை வரும். எனக்கு விளங்கிட்டுது."

வட்டாரம் நான்தான்

மறுநாள் காலை விளையாட்டு வானொலியில் ஹார்க்கெட் போகப்போகிறார் என்றார்கள். "அணிக்கு மிக நெருக்கமான வட்டாரம்" சொன்னதாம். அந்த வட்டாரம் பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருக்கிற, புட்டு அவித்துவிட்டு வேலைக்குப் போகிற நான்தான் என்பது வானொலிக்காரருக்குத் தெரியாது.

சில்விதான் என் மேலாளர். இருபது வருடமாகக் கடையைக் கட்டிக் காக்கிறவர். கூரை திருத்தியதும் சட்டத்தைத் திரும்ப முன்னுக்கு வைக்கச் சொன்னார். "வதந்தியும் அதோட அடங்கும்" என்றார். வைத்தேன். அடுத்த கிழமை முசியே ரொலான் வந்தார். வாசலிலேயே நின்று தலையை ஆட்டினார்: "ஓகோ! போகமுன்னம் வித்துத் தள்ளப் பாக்கினம்."

நம்பர் மட்டும் போதும்

வானொலி சொன்ன நாளிலிருந்து உரிக்கிற வேலை. உங்களுக்குத் தெரியாது, சட்டையில் ஒட்டிய எழுத்தை உரிப்பது மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பானையில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதைவிடக் கொடுமை. சூடு காட்டி, மருந்து பூசி, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இழுக்க வேண்டும். அப்படி இழுத்தாலும் துணியில் எழுத்தின் தடம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய ஆளின் பெயரை வாசிக்கலாம்.

லாசாலில் இருந்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். ஹார்க்கெட்டை உரித்து, தடுப்பாட்டக்காரர் ஒருவரின் பெயரை ஒட்டச் சொன்னார். "அவன் விசுவாசமான பொடியன்" என்றார். ஒட்டிக் கொடுத்தேன். விசுவாசமான பொடியன் அந்த வார இறுதியில் தான் வேறு அணியோடு பேசுவதாக, தனக்காகப் பேரம் பேசுகிற ஏஜென்ட் மூலம் அறிவித்தான். திங்கட்கிழமை டாக்ஸிக்காரர் கடை திறக்கமுன்னரே வாசலில் நின்றார். அடுத்து யாருடைய பெயர் என்று கேட்டேன். சட்டையை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பேர் ஒண்டும் வேண்டாம். நம்பரை மட்டும் விடுங்கோ. நம்பருக்கு ஏஜென்ட் இல்லை."

இழுத்துக்கொண்டே போகிறார்கள்

சென்னையிலிருந்து வந்து இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற விக்னேஷ் தமிழ்க் கடையில் அறிமுகமானவர். அணி முழுவதையும் கணினியில் போட்டு, யாரை வைத்திருக்கலாம், யாரை விடலாம் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். மனேஜரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். மனேஜரின் காரைத் தரிப்பிடத்தில் கண்டதைத் தவிர எனக்கும் அவருக்கும் வேறு உறவில்லை என்று சொன்னேன். நம்பவில்லை.

பிறகு வீரர்கள் அணி மாறுகிற முறை முழுவதையும் விளக்கச் சொன்னார். முதலில் பழைய அணி பேசும், பிறகு மற்ற அணிகள் பேசலாம், ஆனால் கையெழுத்துப் போடக்கூடாது, ஏஜென்ட் போவார், வருவார், எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன். விக்னேஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கிரிக்கெட் மாதிரி ஏலம் விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்க்கா. இவங்க என்ன, பொண்ணு பாத்துட்டு ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு சொல்றாங்க?"

அசையாத ஆள்

பரராசசிங்கம் அண்ணை எங்கள் தெருவில் இருக்கிறார். கோயில் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர். ரொறன்ரோவுக்குப் போகிறவர்களை அவர் ஊருக்குத் துரோகம் செய்தவர்கள் மாதிரித்தான் கதைப்பார். "பனியைக் கண்டு ஓடுறாங்கள். அங்க என்ன, பனி இல்லையோ?" அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். என் கணவரிடம் இதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டதும் உண்டு.

அவர் ஒரு நாள் கடைக்கு வந்து, அணியின் சட்டை ஒன்று வாங்கி, தன்னுடைய பெயரையே ஒட்டச் சொன்னார். "உவங்களை நம்பேலாது பிள்ளை. நான் எங்கயும் போகமாட்டன்." பெயரோ ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளையும் தாண்டுகிற பெயர். எழுத்துகளை நெருக்கி, வில்லுமாதிரி வளைத்து ஒட்டினேன். கடைசி எழுத்து கக்கத்துக்குக் கிட்டே போய்விட்டது. கண்ணாடியில் முதுகைப் பார்த்து மகிழ்ந்து போனார்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தார். சட்டையைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சப்பட்டார். மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறதாம், மருமகன் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் என்கிற ஊரில் பெரிய வீடாக வாங்கிவிட்டாராம், கீழ்த்தளம் சும்மா கிடக்கிறதாம். பெயரை உரிக்கவேண்டுமா என்று கேட்டேன். எனக்கு உண்மையில் கண் கலங்கிவிட்டது. அவர் சட்டையின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: "பேர் என்ர பேர்தானே, அது இருக்கட்டும். முன்னுக்கு இருக்கிற ஊரை மட்டும் மாத்தித் தருவீரோ?"

ஹார்க்கெட் வந்தார்

அன்று மாலை வீட்டில் பரராசசிங்கம் அண்ணையின் கதையைச் சொன்னேன். கணவர் சிரிக்கவில்லை. "ம்" என்றார். அந்த "ம்"முக்குள் ரொறன்ரோ இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரே கேட்கப் பயம். கேட்டால் பதில் வந்துவிடும்.

பெப்ரவரியின் முதல் சனிக்கிழமை. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு ஓர் உயரமான ஆள் கையில் சின்னப் பெண்ணோடு வந்தார். அவள் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், படித்த பிரெஞ்சில் என்னிடம் மஞ்சள் தொப்பி கேட்டாள். அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டும்தான், அவள் கேட்டது விளங்கவில்லை, நான்தான் சொன்னேன். அவர் தொப்பியைத் தூக்கியபோதுதான் ஹார்க்கெட் என்று தெரிந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "என்ர சட்டையைப் பின்னுக்கு வைச்சனீங்களாம். உங்களுக்கு ஏதும் சொன்னவையோ?"

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூரை, சொட்டு, வாளி எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார், ஆனால் பாதிச் சிரிப்புத்தான். இந்த ஊர் தங்களுக்குப் பிடிக்கும், மகள் இங்கேதான் பேசத் தொடங்கினாள், மனைவி பெட்டி கட்டமாட்டேன் என்கிறாள் என்றார். அப்படியென்றால் இருக்க விருப்பம் என்று சொல்லிவிடலாமே என்று கேட்டேன். மகளின் தலையில் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏஜென்டைக் கேக்கினம், ரேடியோவைக் கேக்கினம், உங்களைக்கூடக் கேக்கினம். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

சட்டை பொய் சொல்லாது

அந்த நாள் வந்தது. கடையில் வானொலியைப் போட்டுவிட்டு நானும் சில்வியும் நின்றோம். மதியம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. ஹார்க்கெட் ரொறன்ரோ அணிக்குப் போகிறார். போகிறவர் போகட்டும், அந்த ஊருக்கா போகவேண்டும்! சில்வி சூட்டு இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். முதல் ஆளாக முசியே ரொலான் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது: "பாத்தீரே பிள்ளை? ஆக்கள் பொய் சொல்லுவினம். சட்டை பொய் சொல்லாது."

சூட்கேஸ்

கை முழுக்க மருந்து மணத்தோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் முன்னுக்கே பெரிய சூட்கேஸ். கனடாவுக்கு வந்து இறங்கியபோது கொண்டுவந்தது. வருடக்கணக்காக அலமாரிக்குள், சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கிடந்தது. இப்போது கதவடியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பனிச்சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அழத் தொடங்கிவிட்டேன். என்னிடம் ஒரு சொல் கேட்காமல் முடிவெடுத்துவிட்டீர்கள், எங்கள் மகள் இங்கே சேஜெப் கல்லூரியில் படிக்கிறாள், என் வேலை, என் பிரெஞ்சு, நீங்களும் உங்கள் அண்ணையும், என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

கணவர் குசினியிலிருந்து கையில் துடைக்கிற துணியோடு வந்தார். "என்னப்பா நடந்தது? தாங்கி ஒழுகுது. சூட்கேஸ் நனையுமெண்டு இழுத்து வைச்சனான்."

எட்டிப் பார்த்தேன். அலமாரிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே வாளியும் இருந்தது. முசியே ரொலானை நினைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது.

"அப்ப ரொறன்ரோ?" என்று கேட்டேன். இத்தனை மாரிகாலத்தில் அவரிடம் நேரே கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்காரன் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறியளோ எண்டு கேட்டவன். ஓம் எண்டு போன மாதமே சொல்லிப்போட்டன். அங்க போனா ஞாயிற்றுக்கிழமையில அண்ணைக்கு முன்னால இருக்கவேணும். போனெண்டா வைக்கலாம்."

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

துணியை வாளிக்குள் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீர் என்னட்டைக் கேக்கேல்லையே."

தோழர்களே, பதினைந்து வருடம் கவுண்டரில் நின்று நான் கண்டது இவ்வளவுதான்: ஒட்டுமுன்னம் ஒருதரம் கேளுங்கள், உரிக்குமுன்னம் இருதரம் கேளுங்கள், ஆனால் சட்டையிடம் கேட்காதீர்கள்.