ரோபோ கண்ட என் குணம்

வளைகுடாவிலிருந்து திரும்பி எட்டு மாதம் அஞ்சுகிராமத்தில் சும்மா இருந்தேன். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்காத ஆள் பால்காரர் மட்டும்தான். அவர் வருகிற நேரம் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால் நாகர்கோவிலில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் வேலை என்றதும், எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

நேர்முகத்தில் மேனேஜர் ஓரமாக இருந்தார். நடுவில் இருந்தது ரோபோ. இடுப்பளவு உயரம், வட்ட முகம், இரண்டு நீலக் கண்கள். நாம் என்ன பேசுகிறோம் என்பது அதற்குப் பொருட்டில்லையாம். எப்படி நிற்கிறோம், எங்கே பார்க்கிறோம், கையை என்ன செய்கிறோம் என்று பார்த்தே குணத்தைச் சொல்லிவிடுமாம். பெண் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தை எப்போதோ தெரியும். அவர்களுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கையைக் கட்டி, பார்வையைத் தாழ்த்தி, பணிவாக நின்றேன். வளைகுடாவில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது எனக்குச் சோறு போட்ட நிலை அது. ரோபோவின் திரையில் எழுத்து ஓடியது: இணக்கம் குறைவு. யாரையும் நெருங்க விடாதவர். எதையோ மறைக்கிறார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. யாரிடமும் எதிர்த்து ஒரு சொல் பேசத் தெரியாதவன் என்பதுதான் என் மனைவி என்னிடம் காணும் ஒரே குறை. மேனேஜர் இரக்கப்பட்டார். இது வெளிநாட்டுப் படிப்பு படித்தது, கையைக் கட்டினால் திமிர் என்று எடுத்துக்கொள்ளும், பழகிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பாடுபட்டேன். நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தொங்கவிட்டு, எதிராளியின் கண்ணையே பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் கை தானாக மேலே வந்து கட்டிக்கொண்டது. ஆறாம் நாள் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"இந்த ஆளப் பாத்தா எனக்கே எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு" என்றாள்.

ரோபோவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திறந்த மனம், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என்று புகழ்ந்து தள்ளியது. வேலை கிடைத்தது.

கடை திறந்த அன்று முதலாளி நான் பொறுப்பிலிருந்த மாடிக்கு வந்தார். பழகிய நிலையிலேயே நின்று வணக்கம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், மொதலாளிக்க முன்னால இப்படித்தான் நிப்பீரா? கையக் கெட்டும்."

அவருக்குப் பின்னாலிருந்து மேனேஜர் கட்டுங்கள் கட்டுங்கள் என்று ஜாடை காட்டினார். கட்டுவது ஒரு நொடி வேலை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாட்டேன் சார்" என்றேன். சார் மட்டும் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு முதலாளியிடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அது. வேலை போய், மத்தியானமே ஊருக்கு பஸ் ஏறினேன். வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை.