லைட் மீட்டர் சொன்னபடி

லைட் மீட்டர் கைக்கு வருவதற்கு முன்பு சித்தப்பா எடுத்த படங்களில் எங்கள் குடும்பத்தார் இரண்டு வகை: கரியில் செய்தவர்கள், சுண்ணாம்பில் செய்தவர்கள். வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தே கணக்குப் போடுகிறவர் அவர். ஆவடி தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அந்தக் கருவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே பாதிப் பிங்பாங் பந்து போல ஒரு வெள்ளை மூடி; கீழே எண்கள், ஒரு முள். முகத்தருகே பிடித்தால் முள் நகர்ந்து நிற்கும். அதைப் பார்த்துக் கேமராவைத் திருகிவைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு படங்களில் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

அக்காவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவைப் போல நல்ல கறுப்பு. நான் அப்பாவின் நிறம். அதில் பெருமைப்பட எல்லோரும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கரையான்சாவடி ஸ்டூடியோ ஒன்றில் அக்காவை எடுத்தபோது, விளக்கு வெளிச்சத்தைக் கொட்டி, தூரிகையாலும் திருத்தி, ரோஜா நிறத்தில் யாரோ ஒருத்தியை உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொரட்டூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காபித் தட்டோடு அக்கா வந்து நின்றாள். பையனின் அம்மா அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பொண்ண வரச் சொல்லுங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா எந்த ஸ்டூடியோவுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சித்தப்பா எடுத்தால் போதும், மீட்டர் வைத்து.

ஒரு ஞாயிறு காலை, குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டார்கள். மேற்பார்வைக்கு அத்தை வந்திருந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். சித்தப்பா அக்காவின் தாடையருகே மீட்டரைப் பிடித்தார். எனக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லி அடம்பிடித்தேன். என் முகத்துக்கு முள் அந்தக் கோடிவரை ஓடும் என்று நம்பினேன். அதே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். முள் அதே எண்ணில் போய் நின்றது.

"இன்னாடா இது, கறுப்புக்கும் செவப்புக்கும் ஒரே நம்பர் காட்டுது? கெட்டுப்போன சாமான உன் தலைல கட்டிட்டுப் பூட்டான்டா அந்தாளு" என்றார் அத்தை.

"ஆள அளக்கறது இல்லக்கா இது. ஆள் மேல வுழுற வெளிச்சத்த அளக்குது."

"நாம இன்னா, வெளிச்சத்துக்கா மாப்ள பாக்கறோம்?"

அக்கா சிரித்துவிட்டாள். பவுடர் டப்பா எடுத்துவர அத்தை கோபமாகக் கீழே இறங்கினார். அவர் தலை மறைந்ததும் சித்தப்பா தணிந்த குரலில் சொன்னார்: "லென்ஸ ஒரு படி கூடத் தொறந்தா மூஞ்சி வெளுத்துக்கும் கண்ணு. ஒருத்தருக்கும் தெரியாது. இன்னா சொல்ற?"

"முள்ளு இன்னா சொல்லுதோ, அப்டியே எடு சித்தப்பா."

அத்தை மேலே வருவதற்குள் எடுத்து முடித்தாயிற்று. நான் அத்தை கட்சி. வலிய வந்த வாய்ப்பை அக்கா தள்ளிவிட்டாள் என்று நினைத்தேன்.

படம் கழுவி வந்தது. மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். தலைமுடி இழை இழையாகத் தெரிந்தது. அம்மா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அத்தைதான், "இன்னாடா எடுத்துகீற, அவள மாதிரியே கீது!" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தப் படம் மாங்காட்டுக்குப் போனது. அங்கிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா, பின்னாளில் அக்காவின் மாமியார் ஆனவர், அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, "உக்காரும்மா" என்று பாயில் இடம் விட்டார். பிறகு பஸ் சரியாக வராததைப் பற்றிப் பேசினார்கள். கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் புறப்பட்டார்கள்.

"அவுங்க மூஞ்சில ஒண்ணும் தெர்லயே" என்று வாசலில் அத்தை கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நான் என் பங்கு பஜ்ஜிக்காகச் சமையலறைக்கு ஓடினேன். பெண் பார்க்க வருகிற நாட்களில் அக்கா மறுநாள்வரை எதையும் வாயில் வைக்கமாட்டாள். அன்று பட்டுப்புடவையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, ஒவ்வொன்றாகச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்தது கடைசி; தட்டு காலி.

"எல்லாத்தியும் அவளே துன்ட்டாம்மா!" என்று கத்தினேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "வுடுடி, துன்னட்டும்" என்று சொல்லி, அணைத்த அடுப்பை மறுபடியும் பற்றவைத்தார்.

வந்தவர்கள் இன்னும் சரி என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குள் அக்காவுக்கு ஏன் அப்படிப் பசித்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஈடு வேகும்வரை அவளோடு பேசாமல் முறைத்துக்கொண்டிருந்தேன்.