சாப்பாட்டு மேசையில் ஊசி

எங்கள் வைட்ஃபீல்ட் அப்பார்ட்மென்டில், சாயங்காலம் பெரியவர்கள் உட்காரும் பெஞ்சில் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. ஃபாஸ்டிங் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். சர்க்கரை இல்லாதவர் ஒரே ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேச எங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இத்தனை பேருக்கு இருக்கிற வியாதியை, வரன் பார்க்கும்போது மட்டும் திருட்டுச் சொத்து மாதிரி ஒளித்துவைக்கிறோம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் தினமும் மாத்திரை போடுகிறவர். கேட்டால் "பார்டர்தான்" என்பார். அத்திபெலே செக்போஸ்ட் மாதிரி பல வருஷமாகப் பார்டரிலேயே நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வந்த அன்று காலை, அவர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"உன் இன்சுலின் ஊசிய மட்டும் பாத்ரூம்ல போட்டுக்கோ. பரம்பரை வியாதின்னு பின்வாங்கிட்டா கொழந்த தாங்க மாட்டா."

மகளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அதனால் எனக்கும் பயம்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முன் போடுகிற மருந்தைக் கக்கூஸில் நின்று போட்டுக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து?

மேசையில் இலை போட்டாயிற்று. பையனின் அம்மா, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கைப்பையோடு உள்ளே போனார். நான் இன்சுலின் பேனாவை எடுத்து, புடவையைச் சற்று ஒதுக்கி, எல்லோர் எதிரிலும் வயிற்றில் போட்டுக்கொண்டேன். என் கணவர் இருமினார். பையனின் அப்பா இலையைப் பார்த்தபடியே, சுகரா என்று கேட்டார்.

"ஆமா சார். எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. நாளைக்கு எம்பொண்ணுக்கு வந்தாலும் இப்படி உக்காந்துதான் போட்டுப்பா. பாத்ரூமுக்குப் போகமாட்டா."

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. இருந்தாலும் பேனாவை உள்ளே வைக்கவில்லை. இலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பையனின் அம்மா திரும்பி வந்து அதைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, அதே மாதிரி ஒன்றை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார்.

"உங்க பாத்ரூம்ல பக்கெட்ட கவுத்துப்போட்டு, அதுமேல உக்காந்து போட்டுட்டு வரேங்க. இவருதான் உங்க முன்னாடி வேணாம்னாரு."

"இனிமே இங்கயே போடுங்க, சம்பந்தியம்மா" என்றேன்.

இன்னும் எதுவும் முடிவாகியிருக்கவில்லை. அப்படிக் கூப்பிட எனக்கு உரிமையே கிடையாது. ஆனால் யாரும் திருத்தவில்லை. என் கணவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார்.